ஓட்டு வீட்டை இடித்த கதை

சித்திரை பிறந்துவிட்டது. அக்னித் தலத்தில் குடியிருந்துகொண்டு வெயிலைப் பற்றிப் புலம்பலாமா என்று என் நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்பார். நாம் புலம்பாமல் வேறு யார் புலம்புவது? காலை ஒன்பது மணிக்கே மாட வீதியில் செருப்பில்லாமல் நடக்க முடிவதில்லை. மத்தியானம் தெருவில் ஒரு நாயைக்கூடக் காணோம்.

இந்த வருஷம் வெயிலோடு இன்னொரு விஷயமும் சேர்ந்து என் தூக்கத்தைக் கெடுத்தது. துபாயில் வேலை பார்க்கும் என் மகன் வாட்ஸ்ஆப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அடி அண்ணாமலைப் பக்கம் அவன் வாங்கிப் போட்டிருக்கும் மனையில் கட்டப்போகும் வீட்டின் படம். இரண்டு மாடி. முன்பக்கம் தரையிலிருந்து மேல்வரை கண்ணாடி. மேற்கே பார்த்த பெரிய பால்கனி. எல்லா அறையிலும் ஏசி. சாம்பல் நிறச் சுவர்கள்.

அன்று இரவு போனில் கேட்டான்: "எலிவேஷன் எப்படி இருக்குப்பா?"

"நல்லா இருக்குப்பா" என்றேன். நன்றாகத்தான் இருந்தது, படத்தில். ஆனால் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வீட்டை எப்படிக் கட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஏனென்றால் நான் அப்படி ஒரு வீட்டைக் கட்டியவன். அதற்காக ஒரு நல்ல வீட்டை இடித்தவன்.

அந்தக் கதையை இன்றுவரை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. வயதாகிவிட்டது, சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பூர்வீக வீடு பேகோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தெருவில் இருந்தது. தாத்தா காலத்து ஓட்டு வீடு. தெருவைப் பார்த்து இரண்டு பக்கமும் திண்ணை. உள்ளே நுழைந்தால் ரேழி, அதைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். சுவர்கள் ஒன்றரை அடி அகல மண்சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு. பனங்கைகள் மீது நாட்டு ஓடு வேய்ந்திருக்கும். பின்கட்டில் ஓர் அறைக்கு மட்டும் பழைய மெட்ராஸ் டெர்ரஸ் போட்டிருந்தார் தாத்தா. தேக்குக் கட்டைகளின் மேல் மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துக் கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கிய தளம் அது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் எல்லாரும் அந்த அறையில்தான் மத்தியானம் விழுந்து கிடப்போம். மின்விசிறி கிடையாது.

அந்த வீடு எப்படிக் குளிர்ந்தது என்பதை நான் சிறு வயதில் யோசித்ததே இல்லை. பின்னாளில் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியரான பிறகும் யோசிக்கவில்லை. வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு என்று கரும்பலகையில் முப்பது வருஷம் எழுதிப் போட்டவன், தன் வீட்டுக்குள் அந்த மூன்றும் நடப்பதைக் கவனிக்கவில்லை. நாட்டு ஓடுகளுக்கு நடுவே ஆயிரம் சந்துகள். சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடும். முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்கும். பகலில் ஏறிய சூடு ராத்திரியில் அதன் வழியே இறங்கிவிடும். சாயங்காலம் அம்மா முற்றத்துக் கல்லில் இரண்டு குடம் தண்ணீர் தெளிப்பாள். ஐந்து நிமிஷத்தில் தாழ்வாரமெங்கும் ஒரு குளுமை பரவும்.

இன்னொரு உதவியும் இருந்தது. மலை எங்களுக்கு மேற்கே. சூரியன் அடிவானத்துக்கு இறங்குவதற்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். சாயங்கால வெயில்தான் சுவரைக் காய்ச்சும் வெயில். அதை மலை தடுத்துக்கொண்டது. ஊரின் மேற்குத் தெருக்காரர்களுக்கு அண்ணாமலையார் கொடுத்த பந்தல் அது என்று அப்பா சொல்வார்.

1994-இல் நான் அந்த வீட்டை இடித்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. குரங்குகள். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வாரம் நாலு ஓடு உடையும். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் பத்து இடத்தில் பாத்திரம் வைப்போம். பனங்கைகளில் கரையான். ஓடு மாற்றத் தெரிந்த ஆட்களும் குறைந்துகொண்டே வந்தார்கள். இதெல்லாம் உண்மை. ஆனால் இதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. என் சக ஆசிரியர்கள் எல்லாரும் தளம் போட்ட வீடு கட்டிவிட்டார்கள். மகளுக்கு வரன் பார்க்க வருகிறவர்கள் ஓட்டு வீட்டுக்குள் குனிந்து நுழைவதை நான் விரும்பவில்லை. அதுதான் காரணம்.

கடன் போட்டு, மனையின் முழு அகலத்துக்கும் கட்டினேன். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். ஜன்னல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. முற்றம் வீண் இடம் என்று அதை ஹாலாக்கினேன். திண்ணை இருந்த இடத்தில் ஸ்கூட்டர் நிறுத்த ஒரு கிரில் கேட். மேலே நாலரை அங்குலக் கான்கிரீட் தளம். அதன்மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதிக்க வேண்டும் என்று கட்டியவர் சொன்னார். கையில் பணம் தீர்ந்திருந்தது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சிமெண்ட் பூச்சோடு நிறுத்தினேன். அந்த "அப்புறம்" வர ஒன்பது வருஷம் ஆயிற்று.

தளம் போட்ட அன்று அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏன்டா, காத்து எந்தப் பக்கமா வந்து எந்தப் பக்கமா போவும்?"

"ஃபேன் மாட்டப்போறோம்மா" என்றேன்.

அடுத்த சித்திரையில் அம்மாவின் கேள்வி எனக்குப் புரிந்தது. பகலில்கூடச் சமாளித்துவிடலாம். ராத்திரிதான் கொடுமை. வெளியே காற்று குளிர்ந்த பிறகும் வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். மின்விசிறி சுடுகாற்றை எடுத்து நம் மேல் வீசும். ஒருநாள் பள்ளி ஆய்வகத்திலிருந்து வெப்பமானி ஒன்றைக் கொண்டுவந்து பார்த்தேன். ராத்திரி பதினோரு மணிக்குத் தெருவில் 30 டிகிரி. ஹாலில் 36. நாற்காலி போட்டு ஏறி மேல்தளத்தைத் தொட்டுப் பார்த்தேன். இட்லிப் பானையின் மூடியைத் தொட்டது போல் இருந்தது.

இதில் மர்மம் ஒன்றுமில்லை. மத்தியானம் முழுக்க வெயிலைக் குடிக்கும் கான்கிரீட், அந்தச் சூட்டை உடனே கீழே விடாது. சில மணி நேரம் கழித்து, நாம் பாயை விரிக்கும் நேரத்துக்குத்தான் கீழே அனுப்பத் தொடங்கும். மேலே ஓட்டுச் சந்தும் இல்லை, நடுவே முற்றமும் இல்லை என்றால் அந்தச் சூடு போவதற்கு வழி ஏது? உள்ளே படுத்திருப்பவர்கள் மேல்தான் இறங்கும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கயிற்றுக் கட்டிலை இழுத்துக்கொண்டு போய், கிரில் கேட்டுக்குள் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். கால் நீட்டினால் டயரில் இடிக்கும். நான் வண்டியைத் தெருவில் நிறுத்த ஆரம்பித்தேன். நாலு கோடை அப்படியே போயிற்று. எழுபத்தைந்து வயதுக்கு மேல், திண்ணையும் முற்றமும் இருந்த அதே இடத்தில், பெட்ரோல் வாசனையில் படுத்துக்கிடந்தாள். 1999 வைகாசியில் காலமானாள். வயதுதான் காரணம் என்று டாக்டர் சொன்னார், அது சரிதான். ஆனால் அந்த நாலு கோடைக்கு வயது காரணமில்லை. நான்தான் காரணம்.

2003-இல் ஒருவழியாகத் தளத்தின் மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு எல்லாம் போட்டேன். அதற்கும் மேலே ஒவ்வொரு மாசி மாதமும் வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கிறேன். நம் ஊர்க் கோயில்களில் கோடைக்காலத்தில் பிரகாரத்துக் கல்மேல் வெள்ளைப் பூச்சில் ஒரு பட்டை போட்டிருப்பார்கள், கவனித்திருப்பீர்கள். பட்டையைவிட்டு ஓரடி விலகிக் கால் வைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டும். ஒரே கல், ஒரே வெயில். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, கருங்கல் வாங்கி வைத்துக்கொள்கிறது. கோயிலில் பாதத்துக்குத் தெரிந்ததை வீட்டில் தளத்துக்குச் செய்ய எனக்கு ஒன்பது வருஷம் பிடித்தது. அந்தக் கோடையிலேயே வீடு மாறியது. ராத்திரி உள்ளே படுக்க முடிந்தது. அன்றைக்குத்தான் நான் நிறைய அழுதேன். முதலிலேயே போட்டிருந்தால் அம்மா உள்ளே படுத்திருப்பாள்.

மேல்தளம் நமக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை ஒரு குச்சியை நட்டுப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். திருவண்ணாமலை பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 22 வாக்கில், பகல் பன்னிரண்டே கால் மணிக்குச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நட்ட குச்சிக்கு நிழல் இருக்காது. மாணவர்களைப் பள்ளி மைதானத்தில் நிறுத்தி இதை வருஷா வருஷம் காட்டியிருக்கிறேன். ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மீண்டும் ஒருமுறை அப்படி வரும். நடுவில் உள்ள நாலு மாதமும் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே, கொஞ்சம் வடக்கே தள்ளியே போகும். டெல்லியிலோ ஜெய்சால்மரிலோ சூரியன் ஒருநாளும் நேர் உச்சிக்கு வராது. ஆக, நம் ஊரில் கோடை வெயிலை அதிகம் வாங்குவது சுவரில்லை, தளம்தான். அடுத்தபடியாகக் காலையில் கிழக்குச் சுவர், மாலையில் மேற்குச் சுவர்.

2014-இல் மகன் எங்களைத் துபாய்க்கு அழைத்துப் போனான். உயரமான கட்டடங்களையெல்லாம் காட்டிவிட்டு, கடைசி நாள் அல் ஃபஹீதி என்ற பழைய குடியிருப்புக்குக் கூட்டிப்போனான். பாரசீகத்தின் பஸ்தக் என்ற ஊரிலிருந்து வந்து குடியேறிய வியாபாரிகள் கட்டிய வீடுகள். அதனால் பஸ்தகியா என்றும் பெயர். குறுகலான சந்துகள்; ஒரு வீட்டின் நிழல் எதிர்வீட்டின்மேல் விழுகிறது. பருத்த சுவர்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் நடுவே முற்றம். வீட்டின் தலைமேல் சதுரமாக ஒரு கோபுரம். நாலு பக்கமும் திறப்பு. எந்தத் திசையில் காற்று அடித்தாலும் பிடித்துக் கீழே அறைக்குள் இறக்கிவிடும். சூடான காற்று எதிர்ப்பக்கத் திறப்பு வழியாக மேலே போய்விடும். காற்றுக் கோபுரம் என்கிறார்கள். மின்சாரம் வருவதற்கு முந்தைய ஏற்பாடு.

நான் அந்த முற்றத்தில் ரொம்ப நேரம் நின்றேன். "என்னப்பா, போலாமா?" என்று மகன் இரண்டு தடவை கேட்டான். எண்ணெய்க் காசு வருமுன்பு பாலைவனத்தில் இருந்தவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்த வீடு பதில் சொன்னது. காற்று எந்தப் பக்கமாக வந்து எந்தப் பக்கமாகப் போகும் என்று அங்கேயும் யாரோ ஒரு அம்மா கேட்டிருக்கிறாள்.

ஊருக்குத் திரும்பியதும் இதைப்பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எகிப்தில் ஹசன் ஃபாத்தி என்று ஒரு கட்டடக் கலைஞர், 1900-இல் பிறந்து 1989-இல் மறைந்தவர். லக்சருக்குப் பக்கத்தில் புது கூர்னா என்ற ஊரை 1940-களில் பச்சை மண் செங்கல்லால் கட்டினார். சென்ட்ரிங் அடிக்க மரம் தேவையில்லாமல் வில்வளைவுக் கூரை எழுப்பும் நூபியக் கொத்தனார்களைத் தேடிக் கண்டுபிடித்து வேலைக்கு வைத்துக்கொண்டார். 1964-இல் கெய்ரோவில் நடந்த ஒரு சோதனையைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். மண் செங்கல்லில் ஓர் அறை, கான்கிரீட் பலகையில் ஓர் அறை. மண் அறைக்குள் ஒரு நாள் முழுவதும் வெப்பம் ஏறி இறங்கியது 2 டிகிரிக்குள். கான்கிரீட் அறையோ 36 டிகிரி வரை ஏறியது. வெளிக்காற்றைவிட 9 டிகிரி அதிகம். அதைப் படித்தபோது என் ஆய்வக வெப்பமானி ஞாபகம் வந்தது. எங்கள் ஹாலும் 36-தான்.

ஆனால் பாலைவன வீட்டை அப்படியே இங்கே கொண்டுவந்து வைத்துவிட முடியாது. இதை நான் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இப்போது பலரும் ஏதோ ஓர் ஊரின் வீட்டுப் படத்தைப் பார்த்து இங்கே கட்டுகிறார்கள். உள்நாட்டுப் பாலைவனத்தில் காற்று உலர்ந்தது. பகலில் கொளுத்தினாலும் ராத்திரி நன்றாகக் குளிரும். அதனால் பருத்த சுவரும் சின்ன ஜன்னலும் போதும். நம் ஊரில் வியர்வை உலராது, புழுக்கம். நமக்கு நிழல் பாதி, காற்று பாதி. மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் குடியிருப்புகளுக்கென்று 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்ற விதித் தொகுப்பை வெளியிட்டது. அதிலேயே இந்த வித்தியாசம் இருக்கிறது. வெப்பமும் வறட்சியும் உள்ள பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல், கதவுப் பரப்பு தரைப் பரப்பில் 10 சதவீதம் இருந்தால் போதும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள பகுதியில் 16.66 சதவீதம், அதாவது ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகை. தளத்துக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் தளத்தின் வழியே 1.2 வாட்டுக்குமேல் வெப்பம் இறங்கக் கூடாது. மேலே ஒன்றும் போடாத வெறும் கான்கிரீட் தளத்தில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமாக இறங்கும். இந்த விதிகள் 500 சதுர மீட்டரும் அதற்குமேலும் உள்ள மனைகளுக்காக எழுதப்பட்டவை. நம்மைப் போன்றவர்களுக்கு வழிகாட்டியாக வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் தெரிந்துவைத்துக்கொண்டு மகனிடம் "நல்லா இருக்குப்பா" என்று சொல்லிவிட்டேனே என்றுதான் அன்று தூக்கம் வரவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டேன். கண்ணாடியைப் பற்றியோ பால்கனியைப் பற்றியோ பேசவில்லை. ஆயா ஏன் ஸ்கூட்டர் பக்கத்தில் படுத்தாள் என்பதைச் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு சொன்னான்: "ஆயாவுக்கு வெளியில படுக்கறதுதான் புடிக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்பா."

அப்போது அவனுக்குப் பத்து, பன்னிரண்டு வயது. அப்படித்தான் நினைத்திருப்பான். நானும் அக்கம்பக்கத்தாரிடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு மூன்று வாரம் போனில் வீடு கட்டினோம். மாமனார், மருமகள், பிள்ளை என்று எல்லாரும் சேர்ந்து போட்ட பிளான். நான் கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை. அவன் கேட்டதும் எல்லாம் கிடைக்கவில்லை. உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்பதால் முடிவானதைச் சொல்கிறேன்.

முதலில் மனையின் திசை. அடி அண்ணாமலை மலைக்கு அந்தப் பக்கம். பேகோபுரத் தெருவுக்கு நேர் எதிர். அங்கே மலை காலை வெயிலைத்தான் மறைக்கும். மாலை வெயில் முழுசாக அடிக்கும். அதனால் மேற்கே பார்த்த கண்ணாடியும் பால்கனியும் போயின. ஆனால் ஆனி, ஆடியில் மேல்காற்றும் மேற்கிலிருந்துதானே வரும்? வெயிலை வேண்டாம், காற்று மட்டும் வா என்று சொல்ல முடியுமா? ஓரளவு முடியும். மேற்குச் சுவரில் பாதிக்கு மாடிப்படியும் சாமான் அறையும் வந்துவிட்டன. மீதிப் பாதிக்கு எட்டடி ஆழத் தாழ்வாரம். அதன் வெளிவரிசையில் செங்கல்லில் சல்லடை போல் கட்டிய தடுப்பு. அதற்கும் வெளியே இரண்டு புங்க மரம், ஒரு வேம்பு. மேற்கில் மாடிப்படி வருவதில் வாஸ்துக்காரருக்கும் ஆட்சேபம் இல்லை என்பதால் வீட்டில் சண்டை வரவில்லை.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு. லாரி பேக்கர் கேரளத்தில் பரவலாக்கிய முறை. இங்கிலாந்தில் பிறந்து, நம் நாட்டுக்கு வந்து, திருவனந்தபுரத்தில் தங்கி, 2007-இல் அங்கேயே மறைந்தவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டினால் நடுவில் வெற்றிடம் விழும். அந்தக் காற்று வெப்பத்தைத் தடுக்கும். செங்கல்லும் கிட்டத்தட்டக் கால் பங்கு மிச்சம். இதை மேஸ்திரியிடம் விளக்கியபோது அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"சார், செவுத்துக்குள்ள ஓட்டையா வுட்டுட்டா பாம்பு பூந்துக்காதா?"

எல்லாப் பக்கமும் மூடித்தான் இருக்கும் என்று நாலு செங்கல்லைத் தரையில் அடுக்கிக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். ஆனால் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் என்று சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது. சின்ன வயதில் அவருடைய அப்பாவோடு கடுக்காய் ஊறவைத்த அனுபவம் உண்டாம். "இத்தெல்லாம் இப்ப யாரு சார் கேக்கறாங்க" என்றார்.

தளத்தில் கான்கிரீட்டின் கீழ்ப்பாதியில் ஜோடி ஜோடியாக மங்களூர் ஓடுகளைக் கவிழ்த்து வைக்கிறோம். தளத்தின் அடிப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே உள்ள கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் ஓட்டை வைத்தால் சிமெண்ட் மிச்சம், ஓடுகளுக்குள் அடைபட்ட காற்று சூட்டையும் கொஞ்சம் தடுக்கும். மேலே சுண்ணாம்புத் தளம், அதற்கும் மேலே வெள்ளை ஓடு. அதற்கும் மேலே, ஆள் நடக்கும் உயரத்துக்குச் சட்டம் நிறுத்திச் சூரிய மின்தகடுகள். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மின்சாரமும் வரும், தளத்துக்கு நிழலும் ஆயிற்று.

நடுவில் முற்றம் உண்டு. குரங்குக்காக மேலே இரும்புக் கம்பி வலை. 1994-இல் எனக்கு இந்த யோசனை தோன்றவில்லை. ஓடும் முற்றமும் குரங்குக்கும் மழைக்கும் தோற்றுவிட்டன என்று முழு வீட்டையும் இடித்தேன். கம்பி வலையும், ஓட்டுக்கு அடியில் ஒரு தளமும் போட்டிருந்தால் போதும்.

ஏசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அது வறட்டுப் பிடிவாதம். இப்போதைய கோடையில் சில ராத்திரிகள் எந்த வீட்டுக்கும் அடங்குவதில்லை. வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் அது ஆபத்து. ஆறு அறைக்கு ஆறு என்று இருந்தது, இப்போது படுக்கையறை இரண்டுக்கு மட்டும் என்று ஆயிற்று. சூடு ஏறாத வீட்டில் ஏசி கொஞ்ச நேரம் ஓடினால் போதும். சூளை மாதிரி வீட்டைக் கட்டிவிட்டு ஏசி போடுவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

கண்ணாடியும் முழுசாகப் போகவில்லை. மகனுக்கு ஆசை. வடக்குப் பக்கம் பெரிய ஜன்னலாக வைத்து, மூன்றடிச் சன்ஷேடு போட்டுக் கொடுத்தோம். அங்கிருந்து மலை தெரியாதே என்றான். மலையைப் பார்க்கக் கிழக்கே தாழ்வாரம் இருக்கிறது, காலையில் காபியோடு உட்கார்ந்து பார் என்றேன். ஒப்புக்கொண்டான்.

பகவான் ரமணர் விருபாட்ச குகையில் இருந்த வருஷங்களில், கோடை வந்தால் முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் உள்ள மாமரக் குகைக்குப் போய்விடுவார் என்று படித்திருக்கிறேன். அங்கே மர நிழலும் தண்ணீரும் உண்டு. வெயிலைப் பொருட்படுத்தாத ஞானியே காலம் அறிந்து இடம் மாறினார். மாற இடமில்லாதவர்கள் நாம். கட்டும்போதே யோசித்துக் கட்டிவிட வேண்டும்.

போன வாரம் மகன் கடைசியாக ஒரு திருத்தம் அனுப்பினான். படத்தில் முன்வாசலுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு செவ்வகம் போட்டு, "திண்ணை, ஆறரை அடிக்கு மூணடி" என்று எழுதியிருந்தான். நான் கேட்கவில்லை. அவனாகப் போட்டது. கீழே ஒரு வரி: "படுக்கற அளவு சரியாப்பா?"

சரி என்று பதில் போட்டேன். வேறு எதுவும் எழுத வரவில்லை.

இதைப் படிக்கும் நீங்கள் புது வீடு கட்டப் போவதில்லை என்றாலும் ஒரு காரியம் செய்யலாம். இன்று ராத்திரி பத்து மணிக்கு ஒரு நாற்காலியின் மேல் பிள்ளைகள் யாரையாவது ஏறச்சொல்லி, மேல்தளத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டால், தளத்துக்கு ஒரு வெள்ளைப் பூச்சாவது அடித்துவிடுங்கள். பெரிய செலவில்லை. அப்படியே வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்றும் பாருங்கள். வாசலில் படுத்திருந்தால், அது அவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு வார்த்தை கேளுங்கள்.